பயிற்சி சொலிசிட்டர்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப் படிப்பை முடித்து, சொலிசிட்டராகப் பதிவு பெறுவதற்கு முன் ஒரு சட்ட நிறுவனத்தில் இரண்டாண்டுகள் தொழில் பழகுபவர் பயிற்சி சொலிசிட்டர். அந்நாட்டில் சட்டத் தொழில் இரு கிளைகளாகப் பிரிந்தது. உயர் நீதிமன்றங்களில் வழக்காடுவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர் பாரிஸ்டர். கட்சிக்காரரைச் சந்தித்து ஆலோசனை சொல்வது, ஒப்பந்தம் எழுதுவது, சொத்தைக் கைமாற்றிக் கொடுப்பது, வழக்குக்கான ஆவணங்களைத் திரட்டுவது ஆகியவை சொலிசிட்டரின் வேலைகள். சென்னையிலோ மதுரையிலோ ஒரே வழக்கறிஞர் செய்கிற இவ்விரண்டு வேலைகளும் அங்கே இரு தனித் தொழில்களாக வளர்ந்தன. அவற்றுக்கான பயிற்சியும் தனித்தனியே அமைந்தது. இலண்டனின் பெரிய வணிகச் சட்ட நிறுவனங்களில் சேரும் பயிலுநரின் நிலையே இக்கட்டுரையில் முதன்மையாக விளக்கப்படுகிறது.

தோற்றம்

நீதிமன்றத்தில் பிறர் சார்பில் செயல்படுவோரைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. 1402ஆம் ஆண்டுச் சட்டம் அட்டர்னிகளை நீதிபதிகள் சோதிக்க வேண்டும் என்றும், தகுதியுடையோர் பெயர்களை ஒரு சுருளில் எழுதி வைக்க வேண்டும் என்றும் விதித்தது. பொதுச் சட்ட நீதிமன்றங்களில் செயல்பட்டவர் அட்டர்னி எனவும், சான்சரி நீதிமன்றத்தில் செயல்பட்டவர் சொலிசிட்டர் எனவும் வழங்கப்பட்டனர். தொழிலைக் கற்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஏற்கெனவே தொழில் செய்பவரின் அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்து, அவர் செய்வதைப் பார்த்துப் படியெடுத்துப் பழக வேண்டும்.

இவ்வழக்கத்துக்கு உறுதியான சட்ட வடிவம் தந்தது 1729ஆம் ஆண்டின் அட்டர்னிகள், சொலிசிட்டர்கள் சட்டம். அட்டர்னியாக விரும்புபவர் எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் கீழ் ஐந்தாண்டுகள் எழுத்தராகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு எழுத்தர்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் கட்டுப்படுத்தியது. கூலியில்லா உழைப்புக்காக இளைஞர்களைக் கும்பலாகச் சேர்த்துக்கொண்டு எதையும் கற்பிக்காமல் விடும் முறைகேட்டைத் தடுக்கவே இந்த வரம்பு. ஒரு குருவின் கண் எத்தனை பேர் மீது இருக்க முடியும் என்பதை அக்காலச் சட்டமியற்றியவர்கள் சரியாகவே கணித்திருந்தனர். 1749இல் வந்த மற்றொரு சட்டம், ஒப்பந்தம் கையெழுத்தான மூன்று மாதத்துக்குள் அதற்கான பிரமாண வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப் பணித்தது. அந்த வாக்குமூலங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் எவ்வகைக் குடும்பத்துப் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வந்தனர் என்பதற்கு இன்று சிறந்த சான்றாக உள்ளன.

இந்த ஒப்பந்தத்தை ஆர்ட்டிகிள்ஸ் என்றும், அதில் கையெழுத்திட்ட இளைஞரை ஆர்ட்டிகிள்டு கிளார்க் என்றும் அழைத்தனர். இந்தியாவில் பட்டயக் கணக்கர் படிப்பில் இன்றும் வழங்கும் ஆர்ட்டிகிள்ஷிப் இதே மரபைச் சேர்ந்தது. ஒப்பந்தத்தின்படி எழுத்தர் உண்மையாக உழைப்பார், கட்சிக்காரரின் இரகசியத்தைக் காப்பார். குருவோ தொழிலைக் கற்பிப்பார், காலம் முடிந்ததும் பதிவுக்கு உதவுவார். சம்பளம் கிடையாது. குடும்பத்தார்தான் குருவுக்குப் பெருந்தொகையை முன்பணமாகச் செலுத்த வேண்டும். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான பெஞ்சமின் டிஸ்ரேலி 1821இல், பதினேழு வயது நிறையும் முன், இலண்டன் நகரில் ஒரு சொலிசிட்டர் நிறுவனத்தில் சேர்க்கப்பட்டபோது அவருடைய தந்தை செலுத்தியது 400 கினி. சார்லஸ் டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில் கதைத்தலைவன் திருச்சபை நீதிமன்றங்களின் பிராக்டர் ஒருவரிடம் சேர முத்திரைக் கட்டணம் உட்பட ஆயிரம் பவுன் கேட்கப்படுகிறது. டிக்கன்ஸே இளமையில் கிரேஸ் இன் பகுதியிலிருந்த ஒரு சட்ட அலுவலகத்தில் சாதாரண எழுத்தராக வேலை பார்த்தவர். ஆர்ட்டிகிள்ஸுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் எழுத்தராகவே நின்றுவிடும் நிலையை அவர் அங்கேயே கண்டிருப்பார்.

முன்பணத்தோடு அரசின் வரியும் சேர்ந்தது. பிரான்சுடன் போர் தொடங்கிய மறு ஆண்டான 1794இல், வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றங்களுக்கான ஆர்ட்டிகிள்ஸ் மீது 100 பவுன் முத்திரை வரி விதிக்கப்பட்டது. கருவூலத்துக்கு இது வருவாய். தொழிலில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கோ எளியவர் உள்ளே வராமல் காக்கும் வேலி. 1853இல் வரி 80 பவுனாகக் குறைக்கப்பட்ட பிறகும் அது ஓர் எழுத்தரின் ஆண்டு வருவாய்க்கு ஈடான சுமையாகவே இருந்தது.

தேர்வும் சேர்க்கையும்

சொலிசிட்டர்களின் அமைப்பான லா சொசைட்டி 1825இல் தொடங்கப்பட்டு 1831இல் அரச சாசனம் பெற்றது. சான்சரி லேனில் உள்ள அதன் மண்டபத்தில் 1836இல் எழுத்துத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. நீதிபதியின் சம்பிரதாயமான இரண்டொரு கேள்விகளோடு முடிந்துகொண்டிருந்த சோதனைக்கு அதன் பிறகுதான் உயிர் வந்தது. 1860ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத் தேர்வையும் இடைநிலைத் தேர்வையும் சேர்த்தது. 1877இல் தேர்வுகள் முழுமையாக லா சொசைட்டியின் பொறுப்புக்கு வந்தன. பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு ஐந்தாண்டுகள் மூன்றாண்டுகளாகக் குறைக்கப்பட்டிருந்தன. 1873ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் 1875இல் நடைமுறைக்கு வந்தபோது அட்டர்னி என்ற பெயர் மறைந்து, அனைவரும் சொலிசிட்டர் ஆனார்கள்.

பெண்களுக்குக் கதவு வெகுகாலம் மூடியே இருந்தது. 1913இல் க்வினெத் பெப் தேர்வெழுத அனுமதி கேட்டுத் தொடுத்த வழக்கு, பெண் சொலிசிட்டர்கள் சட்டத்தின் பொருளில் ‘நபர்’ ஆகமாட்டார் என்று கூறித் தள்ளப்பட்டது. இதற்கு முன்னரே, 1909இல், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இதே கேள்வி எழுந்திருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் அட்டர்னியாக இருந்த மோகன்தாஸ் காந்தி, தம் செயலாளர் சோன்யா ஷ்லெசினைத் தம்மிடம் ஆர்ட்டிகிள்ஸில் சேர்க்க முயன்றார். பெண் என்ற காரணத்தால் அது மறுக்கப்பட்டது. ஆணான ஹென்றி போலாக்கால் அதே காந்தியிடம் பயின்று அட்டர்னியாக முடிந்தது. இங்கிலாந்தில் 1919ஆம் ஆண்டுச் சட்டம் பாலினத் தடையை நீக்கியபின், கேரி மாரிசன் 1922இல் முதல் பெண் சொலிசிட்டராகப் பதிவு பெற்றார்.

பெரிய நிறுவனமும் பயிற்சி ஒப்பந்தமும்

நீண்ட காலம் சொலிசிட்டர் நிறுவனங்கள் சிறியவையாகவே இருந்தன. இருபது பங்குதாரர்களுக்கு மேல் சேரக் கூடாது என்ற வரம்பை 1967ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் சொலிசிட்டர்களுக்கு நீக்கியது. 1986 அக்டோபரில் இலண்டன் பங்குச் சந்தை விதிகள் தளர்த்தப்பட்டபின் அயல்நாட்டு வங்கிகள் குவிந்தன. அவற்றின் வேலையை ஏற்க நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்து பெருத்தன. கவர்டு சான்ஸ், கிளிஃபர்டு டர்னர் ஆகிய இரண்டும் 1987இல் இணைந்து கிளிஃபர்டு சான்ஸ் ஆனது இவ்வகையில் பெரிய நிகழ்வு. அதனுடன் ஆலன் அண்ட் ஓவரி (2024 முதல் ஏ அண்ட் ஓ ஷியர்மன்), ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ், லிங்க்லேட்டர்ஸ், ஸ்லாட்டர் அண்ட் மே ஆகியவற்றையும் சேர்த்து ‘மேஜிக் சர்க்கிள்’ என்பர். இத்தகைய நிறுவனம் ஒன்று இலண்டனில் ஆண்டுதோறும் நூறை ஒட்டிய பயிலுநரைச் சேர்க்கும். இருவருக்கு மேல் கூடாது என்ற 1729ஆம் ஆண்டு விதியின் அருகே வைத்துப் பார்த்தால் மாற்றத்தின் அளவு புரியும்.

1990இல் ஆர்ட்டிகிள்ஸ் என்ற பெயர் போய்ப் பயிற்சி ஒப்பந்தம் என்ற பெயர் வந்தது. ஒப்பந்தம் இப்போது தனி ஒரு குருவோடு அல்ல, நிறுவனத்தோடு. மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போதே, வேலை தொடங்குவதற்கு இரண்டாண்டுகள் முன்பாகவே தேர்ந்தெடுக்கப்படுவார். விடுமுறையில் சில வாரங்கள் அலுவலகத்தில் இருத்திப் பார்த்தபின் இடம் தருவது பரவலான வழக்கம். சட்டம் படிக்காமல் வரலாறோ இயற்பியலோ படித்தவர்களும் மாற்றுப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டுக் கணிசமாகச் சேர்கின்றனர். படிப்புக் கட்டணத்தைப் பெரிய நிறுவனங்கள் தாமே செலுத்துகின்றன. ஒருகாலத்தில் முன்பணம் சென்ற திசை இவ்வாறு தலைகீழானது.

சீட்டும் வேலையும்

இரண்டாண்டுகள் பொதுவாக ஆறாறு மாதங்களாக நான்கு பகுதிகளாகும். ஒவ்வொன்றும் ‘சீட்’. பயிலுநர் ஒரு துறையின் பங்குதாரர் அல்லது மூத்த அசோசியேட்டின் அறையிலேயே மேசை போட்டு உட்காருவதால் இப்பெயர். குறைந்தது மூன்று வேறுபட்ட சட்டத் துறைகளில் அனுபவம் பெற வேண்டும் என்பது பழைய விதி. பல நிறுவனங்கள் நடைமுறையில் கம்பெனிச் சட்டம், வங்கிக் கடன் ஆகியவற்றை அநேகமாகக் கட்டாயமாக்குகின்றன. ஒரு சீட்டை ஹாங்காங், சிங்கப்பூர், துபாய் போன்ற கிளைகளிலோ ஒரு வங்கியின் சட்டப் பிரிவிலோ கழிப்பதும் உண்டு.

அறையைப் பகிர்வதே இப்பயிற்சியின் உயிர்நாடி. எதிர்த்தரப்பு சொலிசிட்டரோடு மேற்பார்வையாளர் தொலைபேசியில் எப்போது விட்டுக்கொடுக்கிறார், எந்தச் சொல்லில் பிடிவாதமாக நிற்கிறார், கோபப்படும் கட்சிக்காரரை எப்படி அமைதிப்படுத்துகிறார் என்பதை எந்த வகுப்பறையும் கற்பிப்பதில்லை. சென்னையில் சீனியரின் அறையில் ஜூனியர் கற்பதும் இப்படித்தான்.

வேலையின் பெரும்பகுதி நுணுக்கமும் சலிப்பும் கலந்தது. ஒரு கம்பெனியை வாங்கும்போது அதன் நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களை டேட்டா ரூம் எனப்படும் இணையக் கிடங்கில் படித்து, உரிமையாளர் மாறினால் இரத்தாகக்கூடிய ஒப்பந்தங்களைக் குறித்து அறிக்கை எழுதுவது முதல் நிலை வேலை. கடன் ஒப்பந்தத்தில், பணம் விடுவிக்கப்படுமுன் வந்து சேர வேண்டிய ஆவணங்களின் பட்டியலைப் பயிலுநரே பராமரிக்கிறார். வழக்குத் துறையில் நீதிமன்றத்துக்கான கட்டுகளைப் பக்க எண்ணிட்டுத் தயாரிப்பதும், விசாரணையில் குறிப்பெடுப்பதும் அவர் பொறுப்பு.

இவ்வேலைகளைச் சில்லறை என்று கருதுவது தவறு. கம்பெனி ஒன்று தன் சொத்தை வங்கிக்கு ஈடாக வைத்தால் அதை 21 நாட்களுக்குள் கம்பெனிகள் பதிவகத்தில் பதிய வேண்டும். தவறினால், கம்பெனி நொடித்துப்போகும்போது அந்த ஈடு கலைப்பாளரையும் கடன் கொடுத்த பிறரையும் கட்டுப்படுத்தாது. அந்தப் பதிவுப் படிவம் வழக்கமாகப் பயிலுநர் கையில்தான் இருக்கும். கையெழுத்துப் பக்கங்களும் அப்படியே. முந்தைய வரைவில் வாங்கிய கையெழுத்துப் பக்கத்தை இறுதி ஆவணத்தில் செருகுவதை 2008இல் மெர்க்குரி வழக்கில் உயர் நீதிமன்றம் கண்டித்தது. அதன்பின் எந்தப் பக்கம் எந்த ஆவணத்துக்கு, யாருடைய சம்மதத்தோடு இணைக்கப்படுகிறது என்பதை மின்னஞ்சல் மூலம் உறுதிசெய்து வைப்பது கண்டிப்பான நடைமுறையாயிற்று. பேரம் முடியும் இரவில் பல நாடுகளிலிருந்து வரும் இப்பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டு விழித்திருப்பவர் பயிலுநரே.

நேரம் ஆறு நிமிட அலகுகளில் பதியப்படுகிறது. கட்சிக்காரருக்கான கட்டணம் பெரும்பாலும் அதன் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. வாரத்துக்கு 48 மணி என்ற 1998ஆம் ஆண்டு வேலைநேர விதியிலிருந்து விலகச் சம்மதித்துப் பயிலுநர்கள் கையெழுத்திடுவது வழக்கம். ஒரு பேரம் நெருங்கும்போது நள்ளிரவு தாண்டுவது சாதாரணம். அதை அடுத்து வேலையே இல்லாத நாட்களும் வரும். உடல்நலத்துக்கு இது கேடு என்பதில் ஐயமில்லை.

ஒவ்வொரு சீட்டின் நடுவிலும் முடிவிலும் மதிப்பீடு உண்டு. இரண்டாம் ஆண்டின் இறுதியில், எந்தத் துறையில் காலியிடம் உண்டு என்று நிறுவனம் அறிவிக்கும், பயிலுநர் விண்ணப்பிப்பார். எத்தனை பேரைத் தக்கவைத்தது என்று நிறுவனங்கள் வெளியிடும் விகிதத்தைச் சட்டப் பத்திரிகைகள் ஒவ்வொரு வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ஒப்பிட்டு எழுதும். புதிதாகத் தகுதி பெற்றவருக்கு 2024இல் மேஜிக் சர்க்கிள் நிறுவனங்கள் ஆண்டுக்கு 150,000 பவுன் தரத் தொடங்கின. சிறிய ஊர்களின் நிறுவனங்களில் பயிலுநரின் ஊதியம் இதனோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச ஊதியமும் 2014இல் நீக்கப்பட்டது.

பிற நாடுகள்

ஆர்ட்டிகிள்ஸ் முறை பிரிட்டிஷ் ஆட்சியோடு பல நாடுகளுக்குச் சென்றது. இலங்கையில் சொலிசிட்டரை ஒத்த பிறக்கிராசி, பாரிஸ்டரை ஒத்த அப்புக்காத்து என்ற இரு பிரிவுகளும் 1974இல் ஒன்றாக்கப்பட்டு, அனைவரும் சட்டத்தரணிகள் ஆயினர். இந்தியாவில் அட்டர்னி என்ற தனிப் பிரிவு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முடிவுக்கு வந்தது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி போன்றவற்றிலிருந்து இலண்டன் நிறுவனங்கள் நேரடியாகப் பயிலுநரைத் தேர்ந்தெடுத்துள்ளன. ஆனால் அந்நிறுவனங்களால் நெடுங்காலம் இந்தியாவில் கிளை திறக்க முடியவில்லை. ஏ.கே. பாலாஜி சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், அயல்நாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் சட்டத் தொழில் நடத்தக் கூடாது என்று 2012இல் தீர்ப்பு வந்தது. அதன் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2018இல் அந்தத் தடையை உறுதிசெய்து, ஆலோசனைக்காக எப்போதாவது வந்து செல்வதை மட்டும் அனுமதித்தது.

தற்கால நிலை

2021 செப்டம்பரில் சொலிசிட்டர் தகுதித் தேர்வு தொடங்கியது. 360 கொள்குறி வினாக்கள் முதற்பகுதி; நேர்காணல், வாதம், ஆவண வரைவு முதலிய 16 செய்முறைச் சோதனைகள் இரண்டாம் பகுதி. இரண்டாண்டு அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துப் பெறலாம். 2016 முதல் பள்ளி முடித்தவர்கள் ஆறாண்டுத் தொழில்பழகுநராகவும் சேர்கின்றனர். பெரிய நிறுவனங்கள் நான்கு சீட் முறையைத் தொடர்கின்றன. பழைய முறையில் தகுதி பெறுவதற்கான கால வரம்பு 2032 டிசம்பர் 31 அன்று முடிகிறது.