பட்டுப் பாதையின் சாத்துகள்

பட்டுப் பாதை ஒற்றைச் சாலை அன்று. சீனத்தின் பழைய தலைநகரான சாங்ஆனிலிருந்து மேற்கே கிளம்பி, துன்ஹுவாங் வந்ததும் தக்லமக்கான் பாலைவனத்தின் வட விளிம்பு, தென் விளிம்பு என இரண்டாகப் பிரிந்து, காஷ்கரில் மறுபடி கூடி, பாமீர் மலைகளைத் தாண்டிச் சமர்கந்து, புகாரா, மெர்வ் வழியாக மத்தியதரைக் கடல் நோக்கிக் கிளைத்துப் போகும் வழிகளின் பின்னல் அது. இன்று வழங்கும் பெயரைப் பரப்பியவர் செருமானிய நிலவியல் அறிஞர் ஃபெர்டினாண்ட் ஃபொன் ரிக்தோஃபென், ஆண்டு 1877. அதன் முழு நீளத்தையும் கடந்த மனிதர்கள் மிகக் குறைவு. சரக்குதான் சந்தைக்குச் சந்தை கைமாறிக் கண்டத்தைக் கடந்தது. ஒரு சந்தையிலிருந்து அடுத்த சந்தைக்குப் போவதற்கும்கூடத் தனி ஆளாகக் கிளம்பத் துணிந்தவர்கள் அரிது. கூட்டமாகப் போவதும், வழி தெரிந்தவரைப் பின்தொடர்வதும் உயிர் பிழைக்கும் வழியாக இருந்தன. அதனால் இப்பாதையின் வரலாற்றில் பட்டுக்கு உள்ள இடம் சாத்து எனப்படும் வணிகப் பயணக் கூட்டத்துக்கும் உண்டு.

தொடக்கமே ஒரு வழிகாட்டியோடுதான். கி.மு. 138-ல் ஹான் பேரரசர் வூ, சியோங்னு நாடோடிகளுக்கு எதிராகத் துணை தேடி சாங் சியான் என்ற தூதரை மேற்கே அனுப்பினார். உடன் சென்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். அவர்களில் ஒருவர் கான்ஃபு. சியோங்னு இனத்தில் பிறந்து, சீனர்களிடம் சிறைப்பட்டு வாழ்ந்தவர். புல்வெளியின் மொழியும் வழியும் அவருக்குத் தெரியும். தூதுக்குழு எதிரிகளிடம் சிக்கிப் பத்தாண்டுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டது. பிறகு தப்பி ஓடிய நாள்களில், உணவு தீர்ந்தபோதெல்லாம் கான்ஃபு வில்லால் வேட்டையாடித் தலைவரைக் காப்பாற்றினார் என்று சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியிருக்கிறார். கி.மு. 126-ல் தலைநகர் திரும்பியபோது, புறப்பட்ட கூட்டத்தில் எஞ்சியவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே. சாங் சியானின் பெயர் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. கான்ஃபுவுக்கும் அதே அளவு இடம் கொடுத்திருக்க வேண்டும்.

கி.பி. 4-ஆம் நூற்றாண்டு முதல் 8-ஆம் நூற்றாண்டு வரை இப்பாதையின் வணிகத்தில் ஓங்கி நின்றவர்கள் சோக்தியர்கள். சமர்கந்து, புகாரா, பஞ்சிகெந்து ஆகிய ஊர்களைச் சேர்ந்த இவர்கள் சீனம் வரை குடியிருப்புகள் அமைத்தார்கள். இவர்களின் சாத்துத் தலைவனுக்குச் சீன மொழியில் சாபாவ் என்று பெயர். பயணத்தில் தலைமை தாங்கியவனே ஊரில் தங்கியபோது குடியிருப்பின் நாட்டாண்மையும் பார்த்தான். பின்னர் சீன அரசு அந்தப் பதவியைத் தன் அதிகாரிகளின் வரிசையிலேயே சேர்த்துக்கொண்டது. 579-ல் இறந்த விர்காக் என்ற சாபாவின் கல்லறை 2003-ல் சியான் நகரில் அகழப்பட்டது. அதன் கற்பலகைகளில் பொதி சுமந்த ஒட்டகங்களும் குதிரைகளும் வரிசையாக நடக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது.

சாத்தில் இடம் கிடைக்காதவரின் நிலை என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1907-ல் துன்ஹுவாங்கிற்கு மேற்கே இடிந்த காவல் கோபுரம் ஒன்றில், 4-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சோக்தியக் கடிதங்களைத் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் கண்டெடுத்தார். அவற்றில் இரண்டு மிவ்னாய் என்ற பெண் எழுதியவை. கணவன் அவளையும் மகளையும் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஊர் திரும்பப் பணம் இல்லை, அழைத்துப் போகும் ஆளும் இல்லை. சாத்துகள் அவள் கண்ணெதிரே பலமுறை கிளம்பிப் போயின. எதிலும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. தாய்க்குத் துயரத்தையும் கணவனுக்குச் சினத்தையும் எழுதினாள். அந்தக் கடிதங்கள் போய்ச் சேரவே இல்லை. பட்டும் கத்தூரியும் பேசப்படும் வரலாற்றில், வழித்துணை எத்தனை விலை உயர்ந்தது என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் ஆவணம் வேறு இல்லை.

சாத்தின் நடைமுறை நிலத்தைப் பொறுத்து மாறியது. மலையில் குதிரையும் கழுதையும், மணலில் இரட்டைத் திமில் ஒட்டகமும் சுமை தூக்கின. ஒட்டகத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ வரை பொதி. ஒரு நாள் நடை முப்பது கிலோமீட்டர் அளவு. கோடையில் பகல் வெயிலைத் தவிர்த்து இரவில் நடந்தார்கள். மணற்புயல் வருவதை வயதான ஒட்டகங்கள் முன்னரே உணர்ந்து, உறுமிக்கொண்டு ஒன்றுகூடி நின்று வாயை மணலுக்குள் புதைக்கும் என்றும், அதைக் கண்ட மனிதர்கள் கம்பளித் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வார்கள் என்றும் பழைய சீன நூல்கள் குறிப்பிடுகின்றன.

அரசும் கூட்டத்தைக் கணக்கில் வைத்தது. தாங் பேரரசில் பயணம் செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் தலைவன், உடன்வருவோர், அடிமைகள், விலங்குகள் அனைத்தும் குறிக்கப்படும்; சோதனைச் சாவடி தோறும் சரிபார்க்கப்படும். துர்ஃபானின் அஸ்தானா இடுகாட்டில், வறண்ட மணல் இத்தகைய தாள்கள் பலவற்றைக் காத்து வைத்திருந்தது.

அனுமதியின்றிக் கிளம்பிய புகழ்பெற்ற பயணி புத்தத் துறவி சுவான்சாங். ஏறத்தாழ 629-ல் எல்லையைக் கடக்க அவர் அமர்த்திக்கொண்ட வழிகாட்டி, இரவில் கத்தியை உருவிக்கொண்டு நெருங்கி, பிறகு பாதி வழியில் விலகிவிட்டான் என்கிறது அவருடைய வரலாற்றை எழுதிய சீடரின் நூல். தனியாகப் பாலைவனத்தில் நுழைந்த அவர் நீர்ப்பையைத் தவறவிட்டு, நான்கு இரவும் ஐந்து பகலும் நீரின்றித் தவித்தார். அந்த வழியை முன்பே பலமுறை கடந்திருந்த அவருடைய கிழட்டுக் குதிரைதான் அவரை நீர் இருக்கும் இடத்துக்கு இட்டுச் சென்றது. துர்ஃபான் பகுதியின் மன்னர் அவருக்கு ஆள்களும் குதிரைகளும் அறிமுகக் கடிதங்களும் கொடுத்தபிறகே பயணம் நிலைப்பட்டது. ஆனால் கூட்டமாகப் போனால் மட்டும் போதாது, கூட்டத்தின் ஒழுங்கும் வேண்டும். அவருடன் வந்த வணிகர்கள் சிலர் சந்தைக்கு முதலில் போய்ச் சேரும் ஆசையில் நள்ளிரவில் பிரிந்து முன்னே போனார்கள்; கொள்ளையரிடம் சிக்கி அனைவரும் மாண்டார்கள். சுவான்சாங் இந்தியா முழுதும் சுற்றி, தெற்கே காஞ்சிபுரம் வரை வந்து, 645-ல் நாடு திரும்பினார்.

சாத்துகள் இரவு தங்கக் கட்டப்பட்டவை கேரவன்சராய்கள். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகளும் தொழுவங்களும், இரவில் அடைக்க ஒரே பெருவாயில். ஒரு நாள் நடைத்தொலைவு இவற்றின் இடைவெளியைத் தீர்மானித்தது. துருக்கியில் அக்சராய் அருகே செல்ஜுக்குகள் 1229-ல் கட்டிய சுல்தான் ஹான் இன்றும் நிற்கிறது. கிர்கிஸ்தானில் கடல்மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கு மேல் கற்களால் எழுந்த தாஷ் ரபாத், மலைக்கணவாய்ப் பயணிகளுக்குப் புகலிடமாக இருந்தது. ஈரானின் 54 கேரவன்சராய்களை 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மங்கோலியர் ஆட்சியில் ஒரே பேரரசின் காவல் நெடுந்தொலைவுக்கு நீண்டது. ஃபிளாரன்ஸ் நகரத்து வணிக நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பெகொலொத்தி, 1340 அளவில் தொகுத்த வணிகக் கையேட்டில் அசோவ் கடல் ஓரத்துத் தானாவிலிருந்து சீனம் வரைக்கான பயணக் குறிப்புகள் உள்ளன. தாடி வளர்த்துக்கொள்ளுங்கள், செலவுக்கு அஞ்சாமல் நல்ல மொழிபெயர்ப்பாளரை அமர்த்துங்கள், வேலையாள்களை உடன் கொள்ளுங்கள், மாவும் உப்பிட்ட மீனும் எடுத்துச் செல்லுங்கள் என்று அது அறிவுரை சொல்கிறது. அறுபது பேர் சேர்ந்து போனால், ஆபத்தான பகுதியில்கூட வீட்டில் இருப்பதைப் போல அச்சமின்றிப் போகலாம் என்பதும் அதில் உண்டு. இத்தனைக்கும் பெகொலொத்தி சீனம் போனவர் அல்லர்; போய்வந்தவர்களிடம் கேட்டு எழுதியவர்.

மங்கோலியப் பேரரசு சிதறியபின் நீண்ட வழி துண்டுபட்டது. கடல்வழி வணிகம் பெருகியது. மத்திய ஆசியாவுக்குள் குறுந்தொலைவுச் சாத்துகள் மட்டும் நெடுங்காலம் நடந்தன. 1888-ல் ரயில் சமர்கந்தை எட்டியதும் அவற்றின் பழைய தேவை குறையத் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டில் பாதை மீண்டும் கூட்டங்களைக் கண்டது. இம்முறை வந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள். சோவியத் ஆட்சியில் சமர்கந்தும் புகாராவும் பார்க்க வந்த வெளிநாட்டவரின் பயணத்தை, 1929-ல் தொடங்கப்பட்ட இன்டூரிஸ்ட் என்ற அரசு நிறுவனம் கவனித்துக்கொண்டது. தங்கும் விடுதி, பார்க்கும் இடம், உடன்வரும் வழிகாட்டி அனைத்தும் அரசின் ஏற்பாடு. சீனம் 1979-ல் துன்ஹுவாங்கின் மொகாவ் குகைகளைப் பொதுமக்களுக்குத் திறந்தது. பாகிஸ்தானையும் சீனத்தையும் இணைக்கும் காரகோரம் நெடுஞ்சாலை, 4,693 மீட்டர் உயரத்துக் குஞ்சராப் கணவாய் வழியாக, 1986-ல் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்தது. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் மத்திய ஆசியக் குடியரசுகள் தனி நாடுகளாயின. பழைய சாத்துவழியில் புதிய எல்லைகளும் விசாக்களும் முளைத்தன. பல நாடுகளைத் தொடர்ந்து கடக்க விரும்புவோர் குழுச் சுற்றுலாவை நாடுவதற்கு இந்தத் தாள்வேலை முக்கியக் காரணம். விசா, எல்லை மாற்றம், மொழி ஆகியவற்றைப் பயண ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் பொறுப்பேற்று, எல்லையில் அடுத்தவரிடம் குழுவை ஒப்படைப்பார். முன்பு சரக்கு கைமாறிப் போன முறையில் இப்போது பயணிகளே கைமாறிப் போகிறார்கள்.

2014-ல் சீனம், கசகஸ்தான், கிர்கிஸ்தான் மூன்றும் சேர்ந்து முன்வைத்த சாங்ஆன்–தியான்ஷான் பாதைத் தொடர், 33 இடங்களுடன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பயணிகளின் வருகை பெருகியதன் சுமையை அதிகம் தாங்குவது மொகாவ். அங்கே ஓவியங்கள் உள்ள குகைகள் 492. மனிதர்களின் மூச்சுக்காற்று குகைக்குள் ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஏற்றுவதால் சுவரோவியங்கள் பாதிக்கப்படுகின்றன. எனவே உள்ளே நுழைவோரின் அன்றாட எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பயணிகள் முதலில் பார்வையாளர் மையத்தில் குகைகளைப் பற்றிய படம் பார்த்துவிட்டு, பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்து வழிகாட்டியுடன் சில குகைகளுக்கு மட்டும் செல்கிறார்கள். குகைகளின் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் அந்த வழிகாட்டியின் பொறுப்பு.