சியோல் மாநகரில் புக்சோன்

கொரிய நாட்டின் தலைநகரான சியோலுக்குச் செல்லும் பிரயாணிகள், கியோங்போக் அரண்மனையையும் சாங்தியோக் அரண்மனையையும் கண்டு களித்தபின், அவ்விரண்டுக்கும் இடையே மேட்டு நிலத்தில் சாம்பல் நிற ஓட்டுக் கூரைகள் நெருங்கி நிற்கும் புக்சோன் என்னும் குடியிருப்பினுள் புகுந்து, ஜோசோன் வம்சத்துப் பிரபுக்களின் இல்லங்களையே நேரிற் பார்த்துவிட்டோம் என்ற திருப்தியோடு திரும்புவது வழக்கம். இடம் தொன்மையானது என்பதில் ஐயமில்லை. 1395-இல் முதல் அரண்மனையும் 1405-இல் இரண்டாவதும் எழுந்த காலந்தொட்டே, வடக்கே மலை அரணாக நிற்கத் தெற்கே ஓடை பாயும் இந்தச் சரிவு, மனையடி சாஸ்திரத்தில் பெருநம்பிக்கை கொண்ட அந்நாட்டாரால் உத்தமமான பூமியென மதிக்கப்பட்டு, அரசவைக்குப் போய்வர வேண்டிய உயர்குலத்தாரின் வாசஸ்தலமாக விளங்கிற்று. ஆயினும் இன்று அங்கே வரிசையாகத் தெரியும் ஹானோக் என்னும் மரபுவழி வீடுகளிற் பெரும்பாலானவை, 1930-களை ஒட்டி, நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்பதற்கென்றே கட்டப்பட்டவை. இதை அறிந்து பார்க்கும்போதுதான் புக்சோனின் பெருமை எனக்கு இரட்டிப்பாகத் தோன்றியது.

1910-இல் நாடு ஜப்பானியர் வசமான பின், பதவியும் வருமானமும் இழந்த பிரபுக் குடும்பங்கள் தம் பெருமனைகளை விற்கலாயின; கிராமங்களிலிருந்து ஜனங்கள் தலைநகரை நோக்கித் திரண்டனர்; ஓடைக்குத் தெற்கே குடியேறியிருந்த ஜப்பானியரோ வடக்கிலும் கால்வைக்கத் தொடங்கினர். அச்சமயத்தில், 1920-இல் கொன்யாங்சா என்னும் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோங் செக்வோன் என்ற கொரியர், அத்தகைய மனைகளை வாங்கிச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சுதேச முறையிலேயே ஒரு வீடு எழுப்பித் தம் நாட்டாருக்கு விற்றார். காஹோ பகுதியின் புகழ்பெற்ற சந்துகள் இவ்வாறு உருவானவையே.

குறுகிய நிலத்தில் ஒரு வாழ்க்கை முறையை முழுமையாக அடக்கிய விதம் வியக்கத்தக்கது. வாயிலைக் கடந்தவுடன் சிறு முற்றம்; அதைச் சுற்றி அறைகள்; நடுவே, கோடையில் காற்றோட்டத்துக்காகத் தரையினின்றும் உயர்த்திப் பலகை பாவிய மாரு என்னும் கூடம். அறைகளின் அடியில் ஓந்தோல். அதாவது, சமையலறை அடுப்பின் புகையும் வெப்பமும் தரைக்கடியிலுள்ள கற்பாதைகளினூடே சென்று மறுபுறம் புகைபோக்கி வழியே வெளியேறும். கற்பலகைகளின்மேல் மண் பூசி, அதன்மேல் எண்ணெய் ஊட்டிய தடித்த காகிதம் ஒட்டியிருப்பார்கள். அடுப்பை அடுத்த இடமே அதிகச் சூடுள்ளதாதலால், அது வீட்டுப் பெரியோருக்கும் விருந்தினருக்கும் உரியது. இப்போது பெரும்பாலும் புகைக்குப் பதிலாக வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. ஆனால் தரையில் அமர்ந்து, தரையிலேயே பாய் விரித்து உறங்கும் பழக்கம் முற்றும் மறையவில்லை. இறவாரங்களின் நீளமோ, கோடை வெயிலைத் தடுத்துக் குளிர்காலத்துச் சாய்ந்த கிரணங்களை உள்ளே விடும்படி அமைந்தது. கூடத்தின் முன்புறம் கண்ணாடிக் கதவுகளையும், அடுத்த வீட்டில் மழைநீர் விழாதபடி கூரை விளிம்பில் தகரத் தூம்புகளையும் கண்டு, இவை சுத்தமான மரபல்லவென்று முகம் சுளிக்கும் கலாரசிகர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சியில் சேரேன். வாழ்கிறவர்களின் தேவைக்கு இடங்கொடுத்த மரபே உயிருள்ள மரபு.

இந்த ஜோங் செக்வோனைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. தாய்மொழிக்கு அகராதி தொகுத்துவந்த கொரிய மொழிக் கழகத்துக்கு, 1935-இல், புக்சோனிலுள்ள ஹ்வா பகுதியில் ஒரு கட்டிடத்தையே அவர் தானமாக அளித்தார். 1942-இல் ஆட்சியாளர் கழகத்தாரைச் சிறைப்பிடித்தபோது அவரும் கைதானார். பறிமுதலான அகராதிக் கையெழுத்துப் பிரதி, விடுதலைக்குப்பின் 1945-இல் சியோல் ரயில் நிலையத்துக் கிடங்கொன்றில் அகப்பட்டு, 1947 தொடங்கி ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. மொழிக்காகப் பொருளையும் சுகத்தையும் இழந்த ஒருவரின் கைவண்ணம் இவ்வீதிகள் என்று எண்ணும்போது, தமிழனாகிய எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

பிற்காலத்து வரலாறு கரடுமுரடானது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளால் ஓட்டை உடைசலைச் சீர்செய்வதும் கடினமாயிற்று என்று குடியிருப்போர் முறையிட, 1991-இல் விதிகள் தளர்ந்தன. உடனே பல ஹானோக்குகள் இடிந்து அடுக்கு வீடுகள் முளைத்தன. 2001 முதல் நகராட்சி, வீடுகளைப் பதிவுசெய்வோருக்குப் பழுதுபார்க்கப் பணம் உதவும் திட்டத்தைக் கொண்டுவந்ததால் எஞ்சியவை பிழைத்தன. ஆனால் புறத்தோற்றம் பிழைத்தபின் கூட்டம் பெருகியது. சன்னலுக்கு நேரே நின்று படமெடுப்போரின் தொல்லை தாங்காமல் வீட்டைக் காலி செய்தவர்கள் பலர். 2024 நவம்பர் முதல், மிக நெருக்கடியான பகுதிக்குள் காலை 10 மணிமுதல் மாலை 5 மணிவரை மட்டுமே சுற்றுலாப் பிரயாணிகள் செல்லலாம் என்ற விதி வந்தது. 2025 மார்ச் முதல் மீறுவோருக்கு 1,00,000 வோன் அபராதம். இது கடுமையென்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை. குடித்தனம் நீங்கிய வீடுகளைக் காப்பாற்றி ஆவதென்ன?

வீட்டின் உள்ளமைப்பைக் காண ஆவலுள்ளோர், பிறர் வாசலில் எட்டிப் பார்க்காமல், 1913-இல் கட்டப்பட்டு 2015 முதல் பொதுமக்களுக்குத் திறந்துள்ள பெக் இன்ஜே மாளிகைக்குச் செல்லலாம். ஆடவர் பகுதியும் மகளிர் பகுதியும் தனித்தனியே நிற்க வேண்டுமென்ற பழைய நெறியை விடுத்து, இரண்டையும் ஒரு நடைக்கூடத்தால் இணைத்து, மகளிர் பகுதியின் ஒரு புறத்தில் மாடியும் எழுப்பியிருப்பதை அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.