ஆறாப் புண்ணும் அறியா வலியும்

வல்வில் ஓரியின் மலையென்று நாம் ஏட்டில் படித்த கொல்லிமலையில், 1914ஆம் ஆண்டு, ஆங்கிலச் சமயப் பணியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் பால் பிராண்டு. தொழுநோயாளர் மூவர் ஒருநாள் வீடு தேடி வந்ததும், தந்தையார் கையுறை அணிந்து அவர்தம் கால் புண்களைக் கழுவிக் கட்டியதும் அச்சிறுவன் உள்ளத்தில் பதிந்தன. பதிந்தது பரிவன்று, அச்சமும் அருவருப்புமே. சீழையும் குருதியையும் கண்டு மருத்துவத் தொழிலையே வெறுத்தார். ஒன்பதாம் வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், பள்ளிப் படிப்பு முடிந்ததும் கட்டட வேலை பழகினார். மனம் மாறி இலண்டனில் மருத்துவம் பயின்றது அதன் பின்னரே. தச்சுப் பட்டறையில் கழிந்த ஆண்டுகளை வீணென்று கொள்ள எனக்கு மனமில்லை. எப்பொருள் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கையால் அறியும் பழக்கம் அங்கேதான் அமைந்திருக்க வேண்டும்.

1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரண சிகிச்சை நிபுணராக வந்தார். மறு ஆண்டு, டாக்டர் காக்ரேன் நடத்திவந்த செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தைக் காணச் சென்றார். அங்கே விரல் மடங்கிய ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து, இறுகப் பற்றுமாறு சொன்னார். அப்பிடியின் வலிமை அவரைத் திகைக்க வைத்தது. இறந்துவிட்டதென்று எண்ணிய கையில் உயிருள்ள தசை இருந்தது! நல்ல தசையின் நாணை இடமாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சை 1948இல் தொடங்கிற்று.

ஆயினும் ஓர் ஐயம் அவரை விடவில்லை. தொழுநோயாளரின் தசை கெட்ட தசை, அது தானாகவே அழுகி உதிரும் என்பதே அந்நாளைய நம்பிக்கை. அங்ஙனமாயின், தாம் கத்தியால் கீறிய இடங்கள் மட்டும் ஏனையோர்க்கு ஆறுவது போலவே ஆறுவானேன்?

விடை ஒரு துருப்பிடித்த பூட்டில் கிடைத்தது. தம்மால் திருப்ப இயலாத சாவியை நோயாளிச் சிறுவன் ஒருவன் எளிதில் திருப்பிவிட்டான். தரையில் குருதி சொட்டியது. விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தும் அவன் அதனை அறியவில்லை. இரவில் சிலருடைய விரல்நுனி காணாமற்போன மருமமும் பின்னர் வெளிப்பட்டது: எலி கடித்தது, உறங்கியவர் உணரவில்லை. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. கேட்கச் சிரிப்பு வரலாம். ஆனால் அதுவே தக்க மருந்து.

தசையில் குற்றமில்லை, நோய் நரம்பைத் தாக்கி வலியை அழித்துவிட்டது என்று அவர் தெளிந்தார். வலியுள்ளவன் புண்பட்ட காலை ஊன்றாது நொண்டுவான். வலியற்றவனோ அதன்மீதே நடப்பான். புண் ஆறி வடுவானாலும், வடுவின் தோல் பழைய தோலைப்போல் நெகிழ்ந்து கொடாது. நடக்க நடக்க மீண்டும் வெடிக்கும். ஆகவே காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் புண்ணுக்கு ஓய்வளித்தனர். ஆறியபின் மெத்தென்ற நுண்துளை ரப்பர்ச் செருப்பு அணிவித்தனர்.

1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றவர், இக்கருத்தைச் சோதனைச் சாலையிலும் ஆராய்ந்தார். ஒருமுறை விழும் பெரும் அடி மட்டுமன்று, ஓயாது ஒரே இடத்தில் விழும் சிறு அழுத்தமும் தோலை உடைக்கும் என்று எலிகளின் பாதங்களில் கண்டார். பிராண்டு 2003இல் மறைந்தார். நீரிழிவால் கால் மரத்தவரின் உள்ளங்கால் புண்ணுக்கும் இன்று அதே மாவுக்கட்டுத்தான் போடுகிறார்கள்.