பெயரும் பயிற்சியும்: கால்பந்து நட்சத்திரங்கள் பயிற்சியாளர் ஆன வழி

1966-இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடினார்கள். அண்ணன் ஜாக் சார்ல்டன் தடுப்பாட்டக்காரர். தம்பி பாபி சார்ல்டன், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை அந்த ஆண்டே வாங்கியவர். 1973-இல் லீட்ஸிலிருந்து அண்ணனும் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து தம்பியும் விடைபெற்றார்கள். இருவரும் உடனே இரண்டாம் டிவிஷன் அணிகளுக்கு மேலாளர்கள் ஆனார்கள். 1974-இல் பருவம் முடிந்தபோது ஜாக்கின் மிடில்ஸ்பரோ முதலிடம் பிடித்து முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. பாபியின் பிரெஸ்டன் நார்த் எண்ட் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தது.

ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே பருவத்தில், ஒரே டிவிஷனில் பெற்ற இந்த இரண்டு முடிவுகள் கால்பந்து வரலாற்றில் பழைய கேள்வி ஒன்றை எழுப்புகின்றன. நன்றாக ஆடியவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் வருமா? ஜாக் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே லில்லிஷாலில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் நடத்திய பயிற்சி வகுப்புகளுக்குப் போனவர். 1946-இல் சங்கத்தின் பயிற்சி இயக்குநராகவும் தேசிய அணியின் மேலாளராகவும் பொறுப்பேற்ற வால்டர் வின்டர்பாட்டம் வளர்த்த மரபு அது. ஒரு குடும்பத்தை வைத்து விதி எழுதிவிட முடியாது. ஆனாலும் அயர்லாந்தை முதல்முறையாக 1988 ஐரோப்பியக் கோப்பைக்கும் 1990 உலகக் கோப்பைக்கும் அழைத்துச் சென்றவர் ஜாக்தான். பாபி 1975-இல் பிரெஸ்டனை விட்டு விலகிய பிறகு மேலாளர் வேலையில் பெரிதாக நிலைக்கவில்லை.

பெயரே உரிமமாக இருந்த காலம்

இங்கிலாந்தில் சார்ல்டன்களின் தலைமுறைக்குப் பயிற்சி வகுப்பு விருப்பப்பாடம். ஜெர்மனியில் நிலைமை வேறு. கொலோன் நகரின் விளையாட்டுக் கல்லூரியில் 1947-இலேயே செப் ஹெர்பெர்கர் பயிற்சியாளர் படிப்பைத் தொடங்கிவிட்டார். தேசிய அணியின் பயிற்சியாளருக்கு உரிமம் வேண்டும் என்ற விதியும் அங்கே இருந்தது. 1984 ஐரோப்பியக் கோப்பையில் மேற்கு ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறி பயிற்சியாளர் யுப் டெர்வால் விலகியதும், ஜெர்மன் கால்பந்துச் சங்கம் உரிமம் இல்லாத ஃபிரான்ஸ் பெக்கன்பவரை அழைத்தது. விதியை மீறாமல் இருக்க அவருக்கென்று ‘டீம்ஷெஃப்’, அதாவது அணித்தலைமை என்ற புதுப் பதவிப்பெயர் உருவானது. உரிமம் பெற்ற ஹோர்ஸ்ட் கோப்பல் பக்கத்தில் அமர்த்தப்பட்டார்.

1986-இல் இறுதியாட்டத் தோல்வி, 1990-இல் ரோமில் உலகக் கோப்பை. அணித்தலைவராகவும் பயிற்றுநராகவும் அந்தக் கோப்பையை வென்ற முதல் மனிதர் பெக்கன்பவர். இந்த வெற்றியைப் பெயரின் வெற்றியாக மட்டும் படிப்பது தவறு என்பது என் கருத்து. பெயர் ஆட்டக்காரர்களைக் கேட்கவைத்தது. அன்றாடப் பயிற்சியின் நுட்பத்தைப் படித்தவர்கள் பக்கத்திலிருந்து தாங்கினார்கள். 2000-இல் ரூடி ஃபோலர் உரிமமின்றி அதே பதவிப்பெயரோடு வந்தபோதும் மிஷாயல் ஸ்கிபே அதே முறையில் அருகில் இருந்தார்.

நெதர்லாந்திலும் இதே ஏற்பாடு. 1985-இல் அயாக்ஸுக்குத் திரும்பிய யோஹான் க்ரைஃபிடம் பட்டயம் இல்லை. அதனால் ‘தொழில்நுட்ப இயக்குநர்’ என்ற பெயரில் அணியை நடத்தினார். 1987-இல் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பை, பிறகு பார்சிலோனாவில் 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள், 1992-இல் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை. படிக்காமலே சாதித்தவர் என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் ஆடும்போதே களத்தில் நின்று மற்றவர்களை இடம் மாற்றி நிறுத்தியவர் அவர். அவருக்குப் பயிற்சிக் காலம் ஆட்டக் காலத்துக்குள்ளேயே கழிந்துவிட்டது.

இத்தாலியில் இந்தக் கேள்வி எதிர்த்திசையிலிருந்து வந்தது. தொழில்முறையாக ஒருநாளும் ஆடாத அரிகோ சாக்கி 1987-இல் மிலான் அணியை ஏற்றார். குதிரையோட்டி ஆவதற்கு முதலில் குதிரையாகப் பிறக்க வேண்டியதில்லை என்று தன்னைக் கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார். 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவர் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அந்த அணியின் நடுக்களத்தில் ஆடிய கார்லோ ஆஞ்செலோட்டி, ஓய்வுபெற்றதும் நேரே பெரிய அணி தேடிப் போகவில்லை. தேசிய அணியில் சாக்கிக்கு உதவியாளராக இருந்து, 1995-இல் இரண்டாம் நிலை லீக்கின் ரெஜ்ஜியானாவை ஏற்று ஒரே ஆண்டில் மேலே கொண்டுவந்தார். ஃபுளோரன்ஸ் அருகே கோவர்சியானோவில் உள்ள பயிற்சி மையத்தில் ஆய்வேடும் எழுதினார். பின்னாளில் ஐந்து சாம்பியன்ஸ் லீக் பட்டங்களை வென்றவர் தொடங்கிய இடம் இது.

இரண்டாம் அணி எனும் பள்ளி

1998-இல் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் பயிற்சியாளர் உரிமங்களை நாடுகளுக்கிடையே பரஸ்பரம் ஏற்கும் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. முதல்நிலை லீக்குகளில் ‘புரோ’ உரிமம் படிப்படியாகக் கட்டாயமானது. ஜெர்மனியில் 2000-இல் புகழ்பெற்ற முன்னாள் ஆட்டக்காரர்களுக்கென்று சுருக்கமான தனிப் படிப்பு நடந்தது. யுர்கன் கிளின்ஸ்மனும் யோவாகிம் லூவும் அங்கே சந்தித்தார்கள். 2006 உலகக் கோப்பையில் ஜெர்மனி பெற்ற மூன்றாமிடமும் 2014-இல் வென்ற பட்டமும் அந்தச் சந்திப்பின் பின்விளைவுகள்.

ஆனால் உரிமம் ஒருவரைப் பயிற்சியாளர் ஆக்கியது என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஸ்பெயினில் நடந்ததை உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அங்கே பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகள் கீழ்நிலை லீக்குகளில் வயதுவந்தோர் அணிகளோடு மோதுகின்றன. புள்ளி உண்டு, தரமிறக்கம் உண்டு. தொலைக்காட்சி வெளிச்சம் குறைவு.

2006-இல் ஓய்வுபெற்ற பெப் குவார்டியோலா பயிற்சியாளர் படிப்பை முடித்தார். அர்ஜென்டினா போய் பயிற்சியாளர் மார்செலோ பியல்சாவோடு மணிக்கணக்கில் பேசினார். 2007-இல் பார்சிலோனா பி அணியைக் கேட்டு வாங்கினார். அந்த அணி அப்போதுதான் நான்காம் நிலைக்கு இறங்கியிருந்தது. கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை வென்ற நடுக்கள ஆட்டக்காரர், கட்டலோனியாவின் சிற்றூர்த் திடல்களுக்குப் பேருந்தில் போய் வந்தார். அணி ஒரே ஆண்டில் மேலே ஏறியது. செர்கியோ புஸ்கெட்ஸும் பெத்ரோவும் அந்த அணியிலிருந்து வந்தவர்கள். 2008-இல் 37 வயதில் முதல் அணியை ஏற்று, அடுத்த ஆண்டே மூன்று பெரிய பட்டங்களை வென்றார்.

ஜினெதின் ஜிதான் ஓய்வுபெற்றதும் ஆலோசகராக இருந்தார், பிறகு ஆஞ்செலோட்டிக்கு உதவியாளர், 2014-இல் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான கஸ்தியாவில் பொறுப்பு. உரிய உரிமம் இல்லை என்ற புகாரில் அவருக்கு மூன்று மாதத் தடையே விதிக்கப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டது. உலகமே அறிந்த ஒருவரை மூன்றாம் நிலை லீக்கில் ஒரு விதி நிறுத்திப் பார்த்தது. பெக்கன்பவர் காலத்தில் பதவிப்பெயரை மாற்றியே இதைக் கடந்திருப்பார்கள். 2016 ஜனவரியில் முதல் அணிக்கு வந்த ஜிதான் தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் பட்டங்களை வென்றார்.

எதிர்ச்சான்றும் உண்டு. 2020 ஜூலை 30-இல் யுவெண்டஸின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆந்திரேயா பிர்லோ நியமிக்கப்பட்டார். ஒன்பதே நாளில், இளையோரோடு ஒரு போட்டிகூட நடத்தாமல், முதல் அணிக்கு மாற்றப்பட்டார். இரண்டு கோப்பைகள் கிடைத்தன. ஆனால் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து வென்ற லீக் பட்டம் கைநழுவியது, ஓராண்டில் வேலை போனது.

தோல்விக்குப் பின் யார் எங்கே போக முடிந்தது என்பதையும் ஆய்வாளர்கள் பார்க்க வேண்டும். 2006-இல் உரிமமில்லாமல் விலக்குப் பெற்று மிடில்ஸ்பரோவை ஏற்ற கேரத் சவுத்கேட், 2009-இல் அணி தரமிறங்கிய பிறகு நீக்கப்பட்டார். அவருக்குத் தேசிய இளையோர் அணி கிடைத்தது. பிறகு இங்கிலாந்தை இரண்டு ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டங்களுக்குக் கொண்டுசென்றார். பிரீமியர் லீக்கில் மேலாளரான முதல் கறுப்பின இங்கிலாந்துக்காரர் பால் இன்ஸ் வந்த வழி இன்னும் கடினம். தரமிறங்கும் நிலையில் கிடந்த மேக்கிள்ஸ்ஃபீல்டைக் காப்பாற்றி, மில்டன் கீன்ஸ் அணியோடு நான்காம் நிலைப் பட்டம் வென்று, 2008-இல் பிளாக்பர்னுக்கு வந்தார். 17 லீக் ஆட்டங்களில் அனுப்பப்பட்டார். பிரீமியர் லீக்கில் அவருக்கு இன்னொரு வாய்ப்பு வரவேயில்லை. கீழிருந்து ஏறி வந்தவருக்கு ஆறு மாதம்கூடத் தராதது அநியாயம்.

சாபி அலோன்சோ 2010 உலகக் கோப்பையை வென்றவர். பயிற்சியாளராக ரியல் மாட்ரிட்டின் சிறுவர் அணியில் தொடங்கி, 2019-இல் சான் செபஸ்தியான் நகரில் ரியல் சொசியதாதின் இரண்டாம் அணிக்குப் போனார். மூன்று ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 2021-இல் அந்த அணி சுமார் 60 ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாம் நிலை லீக்கை எட்டியது. 2022-இல் அவர் கையிலேயே மீண்டும் இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், புள்ளிப்பட்டியலில் 17-ஆம் இடத்தில் இருந்த பேயர் லெவர்குசென் அவரை அழைத்தது. 2023-24 பருவத்தில் அந்த அணி 34 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல், 1904-இல் தொடங்கிய தன் வரலாற்றின் முதல் ஜெர்மன் லீக் பட்டத்தை வென்றது.