அரை மில்லிகிராமின் வரலாறு

எங்கள் பக்கத்தில் கண்வலிச் செடியை ஆடும் தின்னாது, மாடும் தின்னாது. அதனால் அந்தக் காலத்தில் அது கிளுவை வேலிமேல் தன்பாட்டுக்கு ஏறிப் படர்ந்து கிடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பூத்தால், தொடாதே என்று குழந்தைகளை அதட்டுவார்கள். இன்றைக்கு மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரத்தில் அதே செடிக்குக் கம்பி கட்டி, சொட்டுநீர் விட்டு, பூவுக்குப் பூ ஆள் வைத்துப் பார்க்கிறார்கள். வேதாரண்யம் மணல் பூமியிலும் இதுதான் பயிர். விதை கிலோக் கணக்கில் ஐரோப்பிய மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அதிலிருந்து எடுக்கும் கோல்சிசின் என்ற பொருள் அரை மில்லிகிராம் மாத்திரையாக மருந்துக்கடைக்கு வருகிறது.

நான் தாராபுரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன். என் மைத்துனர் மூலனூர்ப் பக்கம் கண்வலி போடுபவர். அவருக்குக் கணக்கு கிலோவில், எனக்கு மில்லிகிராமில். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே ஏறத்தாழ 2,000 வருஷ வரலாறு இருக்கிறது. செடி அன்றும் இன்றும் ஒன்றுதான். இடையில் மனிதர்கள் அளக்கக் கற்றுக்கொண்டார்கள்.

தமிழனுக்கு இந்தப் பூ புதிதில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்கும் செங்காந்தள் இதுதான். முருகனுக்கு உரிய பூ. இப்போது தமிழ்நாட்டின் மாநில மலர். மண்ணுக்கு மேலே இத்தனை பெருமை என்றால், மண்ணுக்குக் கீழே வேறு கதை. கலப்பை போல இரண்டாகப் பிரிந்து வளரும் கிழங்கைக் கலப்பைக் கிழங்கு என்று சித்த வைத்தியர்கள் நஞ்சு வரிசையில் வைத்தார்கள். ஆயுர்வேதமும் லாங்கலி என்று இதை உபவிஷங்களில் சேர்த்தது. கோமியத்திலோ உப்பிட்ட மோரிலோ ஊறவைத்துச் சுத்தி செய்யாமல் யாரும் கையாளக் கூடாது என்பது விதி. பிரசவம் தாமதமானால் அரைத்துத் தொப்புளிலும் உள்ளங்காலிலும் பூசிய மருத்துவச்சிகள் இருந்தார்கள். பெரும்பாலும் மேல்பூச்சோடு நிறுத்திக்கொண்டதிலேயே அவர்களுடைய எச்சரிக்கை தெரிகிறது.

மேற்கே இதே பொருள் வேறொரு செடியில் கிடைத்தது. கோல்சிகம் என்ற, இலையுதிர் காலத்தில் பூக்கும் ஊதா நிறப் பூச்செடி அது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் அதைத் தின்றால் உயிர் போகும் என்று எழுதிவைத்தார். ஆறாம் நூற்றாண்டில் டிராலஸ் ஊர் அலெக்சாண்டர் என்ற பைசாந்திய மருத்துவர், அந்த இனக் கிழங்கையே கௌட் நோய்க்குக் கொடுத்தார். யூரிக் ஆசிட் சேர்ந்து, கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறதே, அந்த வாதம். அரபு மருத்துவர்கள் இதைச் சூரஞ்சான் என்றார்கள். யுனானி வைத்தியத்தோடு அந்தப் பெயர் இந்தியாவுக்கும் வந்தது. வலி போனது உண்மை. கூடவே வாந்தியும் பேதியும் வந்ததும் உண்மை. எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் எல்லோருமே தடுமாறினார்கள்.

1763இல் வியன்னாவின் அன்டன் ஃபான் ஸ்டோர்க் கோல்சிகத்தைத் தானே சாப்பிட்டுப் பார்த்து எழுதினார். அதன் பிறகு பிரான்சில் ஹுஸ்ஸோன் என்ற ராணுவ அதிகாரி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே ஒரு 'மருந்து நீர்' விற்றார். கௌட் பிடித்த சீமான்கள் அதைக் கொள்ளை விலைக்கு வாங்கினார்கள். 1814இல் ஜான் வான்ட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர்தான் அந்த ரகசியம் வெறும் கோல்சிகம் என்று உடைத்தார். பாட்டிலில் அளவு எழுதாத மருந்தை வாங்கிக் குடிக்கும் கூட்டம் எல்லாக் காலத்திலும் உண்டு.

திருப்பம் 1820இல் வந்தது. பாரிஸ் மருந்தாளர்கள் பெலத்தியேவும் கவந்தூவும் கோல்சிகத்திலிருந்து வீரியமான பொருளைத் தனியே பிரித்தார்கள். மலேரியாவுக்கான குவினைனை அவர்கள் பிரித்ததும் அதே ஆண்டில்தான். 1833இல் ஜெர்மானியர் கைகர் அதற்குக் கோல்சிசின் என்று பெயர் வைத்தார். கிழங்குக்குக் கிழங்கு, மண்ணுக்கு மண் வீரியம் மாறும். பிரித்தெடுத்த தூள் மாறாது. அதைத் தராசில் வைக்க முடிந்த நாளிலிருந்துதான் இது மருந்து. 1915இல் கிளூவர், கிரீன், டுட்டின் என்ற மூன்று வேதியியலாளர்கள் நம் செங்காந்தளிலும் அதே கோல்சிசின் இருப்பதைக் காட்டினார்கள். எங்கள் வட்டாரத்துக்குச் சோறு போடப்போவது அந்தக் கண்டுபிடிப்புதான் என்று அன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

முதலில் காட்டுக் கிழங்கையும் காட்டு விதையையும் பொறுக்கித்தான் விற்றார்கள். கிழங்கைவிட விதையில் சத்து அதிகம், விதையை எடுத்தாலும் கிழங்கு மண்ணிலேயே இருக்கும் என்பதால் விதைக்கு மவுசு கூடி, தோட்டப் பயிரானது. ஆடி, ஆவணியில் கிழங்கு நடுவார்கள். முளை வரும் நுனி ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண் என்பதால் முட்டையைப் போலக் கையாளுவார்கள். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பந்தலைப் பிடித்துக்கொள்ளும்.

பூவைக் கிட்டத்தில் பார்த்தால்தான் இந்தப் பயிரின் பாடு புரியும். ஆறு இதழ்களும் நெளிநெளியாக மேல்நோக்கி மடிந்திருக்கும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. மகரந்தத் தண்டுகள் ஆறும் சக்கரத்தின் ஆரங்களாக விரிந்திருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடிந்து, செங்கோணத்தில் ஒரு பக்கம் விலகி நிற்கும். மகரந்தம் தானாகச் சூல்முடியில் விழாது. பூச்சியை நம்பினால் காய் குறையும். எனவே காலை வெயில் ஏறுவதற்குள் பெண்கள் வரிசையாக நின்று, மகரந்தத்தை எடுத்துப் பூப்பூவாகத் தொட்டு வைக்கிறார்கள். ஒட்டுச் சேர்க்கிறது என்பார்கள் அதை.

"பூ அழகா இருக்குன்னு போட்டோ எடுக்குறீங்க மச்சான். எனக்கு ஒவ்வொரு பூவும் கூலிக் கணக்குங்க" என்றார் மைத்துனர் ஒருமுறை. கூலி கூடிக்கொண்டே போகிறது. விதை விலையோ ஒரு வருஷம் கிலோ மூவாயிரத்தைத் தொடும், இன்னொரு வருஷம் ஆயிரத்துக்கும் கீழே போய் உட்காரும். வாங்குகிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடக்கம். அவர்கள் சொல்வதுதான் விலை. வீட்டு அறையில் மூட்டை கட்டி வருஷக்கணக்கில் விலைக்குக் காத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 2009இல் ஒரு நிறுவனம் கோல்சிசினுக்குத் தனி உரிமை வாங்கியதும், 9 சென்ட் அளவில் விற்ற மாத்திரை ஏறத்தாழ 5 டாலருக்கு ஏறியது. மூலனூரில் அந்த ஏற்றத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

இந்த மருந்து உடம்புக்குள் செய்யும் வேலை இதுதான். மூட்டில் ஊசி ஊசியாக யூரிக் ஆசிட் படிகம் சேரும்போது, வெள்ளையணுக்கள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து ஓடிவருகின்றன. வந்து, ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் காரமான பொருட்களைக் கக்கி, பக்கத்துத் திசுவையும் சேர்த்துப் புண்ணாக்குகின்றன. அழற்சி என்பது பெரும்பகுதி இந்தச் சண்டைதான். உயிரணுவின் உள்ளே டியூபுலின் என்ற புரதம் கோத்துக் கட்டும் நுண்குழாய்கள் இருந்தால்தான் அது நகரவும் பிரியவும் முடியும். கோல்சிசின் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. குறைந்த அளவில் வெள்ளையணுவின் ஆவேசம் அடங்கும். அளவு மீறினால் குடல், எலும்பு மஜ்ஜை, முடி வேர் என்று எங்கெல்லாம் அணு வேகமாகப் பிரிகிறதோ அங்கெல்லாம் வேலை நின்றுவிடும். இலங்கையில் இந்தக் கிழங்கைத் தின்ற ஒரு பெண்ணுக்கு உடம்பில் உள்ள முடியெல்லாம் கொட்டியதை 1966இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் பதிவு செய்தது. தாவர உயிரணு பிரிவதைக் கோல்சிசின் தடுக்கும் விதத்தை, செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்க 1937இல் தாவரவியலாளர்கள் பிளேக்ஸ்லியும் ஏவரியும் பயன்படுத்தினார்கள். விதையில்லாத் தர்ப்பூசணி பிறந்தது அந்த வழியில்தான்.

அளவுப் பாடம் நம் காலம் வரை முடியவில்லை. வயிற்றால் போகும்வரை மணிக்கொரு மாத்திரை என்று கொடுத்த மருத்துவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். 2010இல் வெளியான ஒரு சோதனை, 6 மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் கொடுத்தாலும், ஒரு மணி நேரத்தில் 1.8 கொடுத்து நிறுத்தினாலும், கௌட் வலிக்குப் பலன் ஏறத்தாழ ஒன்றுதான் என்று காட்டியது. அதிக அளவு எடுத்தவர்களில் 77 சதவீதம் பேருக்குப் பேதி. குறைந்த அளவில் 23 சதவீதம்.

பிறகு இதய மருத்துவர்கள் கவனித்தார்கள். ரத்தக்குழாய் அடைப்பிலும் அழற்சிக்குப் பங்குண்டு. 2019இல் மான்ட்ரியல் குழு, மாரடைப்பு வந்த 4,745 பேரிடமும், 2020இல் ஆஸ்திரேலிய, நெதர்லாந்துக் குழு, நாள்பட்ட இதயநோய் உள்ள 5,522 பேரிடமும் தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து, அடுத்த ஆபத்துகள் குறைவதாகச் சொன்னார்கள். 2023இல் அமெரிக்காவில் இதயத்துக்கும் அனுமதி கிடைத்தது. 2024இல் 7,062 பேரிடம் நடந்த மற்றொரு பெரிய சோதனையில், மாரடைப்புக்குப் பின் கொடுத்ததில் பலன் தெரியவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

கடையில் அடிக்கடி ஒரு பேச்சு காதில் விழுகிறது: "செடியிலிருந்து வருவதுதானே, பக்கவிளைவு இருக்காது." கண்வலி முழுக்க முழுக்கச் செடிதான். ஆகவே பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் வேண்டுகோள்: கிழங்கையோ விதையையோ கைவைத்தியமாக வாயில் வைக்காதீர்கள். மருத்துவர் எழுதிய மாத்திரை என்றாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலில் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். இவற்றில் எது இருந்தாலும் கோல்சிசின் உடம்பில் தேங்கும். வலி தாங்கவில்லை என்று அட்டையில் மிச்சமிருப்பதைச் சேர்த்து விழுங்காதீர்கள். அளவு தவறிப்போன கோல்சிசினை முறிக்கும் மருந்து எதுவும் இன்றுவரை கடைக்கு வரவில்லை.