வாடகைப் பற்றுச்சீட்டிலிருந்து உறுதி வரை: கொழும்பு முஸ்லிம்களும் 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சட்டமும்

எங்கள் மூத்தம்மாவின் தகரப் பெட்டியொன்றில் நிக்காஹ் பதிவுத் துண்டுக்கும் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் கீழே நூலால் கட்டிய ஒரு கட்டு இருந்தது. எல்லாம் வாடகைப் பற்றுச்சீட்டுகள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்று. "இத வீசிடாதீங்க, இதுதான் எங்கட ஊடு" என்று அவர் சொல்லுவார். சின்ன வயதில் எங்களுக்கு அது விளங்கவில்லை. வாடகை கட்டிய காகிதம் எப்படி வீடாகும்?

ஆனால் மூத்தம்மா சொன்னது சட்டப்படியும் சரிதான். கொழும்பு நகரின் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வாடகைப் பற்றுச்சீட்டே பிற்காலத்தில் வீட்டு உறுதிக்கு வழி திறந்தது. நமது சமூக வரலாற்றை எழுதுவோர் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வணிகக் குடும்பங்களையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வாடகை வீட்டில் வாழ்ந்து அதற்கே சொந்தக்காரரானவர்களின் கதை அந்தளவுக்கு எழுதப்படவில்லை. இக்கட்டுரை அதற்கு ஒரு தொடக்கம்.

தோட்டங்களும் முடுக்குகளும்

துறைமுகமும் கச்சேரியும் மொத்த வியாபாரமும் வளர்ந்த காலத்தில் கொழும்புக்கு வந்து சேர்ந்த உழைப்பாளிகளுக்கென்று வரிசை வரிசையாக அறைகள் கட்டப்பட்டன. ஒரு வரிசைக்கு ஒரு பைப், பொது மலசலகூடம், நடுவே ஓர் ஒழுங்கை. இவற்றைத் தோட்டம் என்றோம், சிங்களத்தில் வத்த. இடுங்கலான இடங்களை முடுக்கு என்றோம். அந்தத் தமிழ்ச் சொல் சிங்களத்திலும் போய்ச் சேரிக்கே பெயராகிவிட்டது. 1914இல் கொழும்பில் கொள்ளைநோய் பரவியது. மறு ஆண்டே, 1915இன் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1921இல் பெற்றிக் கெடிஸ் கொழும்புக்கு நகரத் திட்ட அறிக்கையொன்றைத் தயாரித்தார். ஆனாலும் தோட்டங்கள் தோட்டங்களாகவே இருந்தன.

இந்தத் தோட்டங்களின் வாடகைக்காரர்களில் முஸ்லிம்கள் இருந்தார்கள். சொந்தக்காரர்களிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். இதை மறக்கக் கூடாது. வட்டிக்குப் பணம் வைக்க மனம் ஒப்பாத ஒரு வியாபாரிக்கு, கையிலிருந்த காசைப் போட்டு நாலு வீடு கட்டி வாடகைக்கு விடுவது ஹலாலான வருமானம். கணவன் மௌத்தான பிறகு அந்த வாடகையில் பிள்ளைகளை வளர்த்த பெண்களும் நம் மத்தியில் இருந்தார்கள்.

வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல் வந்தது. 1948இன் 29ஆம் இலக்கச் சட்டம் அதைத் தொடர்ந்தது. 1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரரை மேலும் பலப்படுத்தியது. நியம வாடகை நூறு ரூபாவுக்கு மேற்படாத வீட்டில் மூன்று மாத வாடகை நிலுவையில் விழுந்தால்தான் அந்தக் காரணத்தைக் காட்டி வழக்குப் போடலாம் என்ற நிலை ஏற்பட்டது. வாடகைக்காரர் இறந்தால், அவருடன் அதே வீட்டில் வாழ்ந்த மனைவி, பிள்ளை போன்றோர் வாடகையுரிமையைத் தொடரலாம் என்று அச்சட்டத்தின் 36ஆம் பிரிவு சொன்னது. இந்தப் பிரிவைப் பின்னால் மறுபடியும் பார்ப்போம்.

சட்டம் வாடகையை உயரவிடவில்லை. ஆகவே சொந்தக்காரர் கூரையைத் திருத்தவில்லை. "கட்டுறது பன்னண்டு ரூவா, அதுக்கு ஓடு மாத்தச் சொல்றீங்களா?" என்ற பதில் எல்லாத் தோட்டங்களிலும் கேட்டது. வாடகைக்காரருக்கும் தனதல்லாத வீட்டில் காசு போட மனமில்லை. மழை இருவருக்கும் நடுவே ஒழுகியது.

மத்திய கொழும்பு தந்த இரு அமைச்சர்கள்

1970 தேர்தலில் மத்திய கொழும்பு மூன்று அங்கத்தவர் தொகுதி. ஆர். பிரேமதாச முதலாவதாகவும், பளீல் கபூர் இரண்டாவதாகவும், கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன் மூன்றாவதாகவும் வந்தார்கள். மூன்றாவதாக வந்த கெனமன் ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சரானார். 1977இல் ஆட்சி மாறியதும் அதே தொகுதியின் பிரேமதாச அந்தப் பொறுப்பை ஏற்றார். ஆக, இந்நாட்டின் வாடகை வீட்டுக் கொள்கையைத் தலைகீழாக மாற்றிய இருவரும், தோட்டங்கள் நிறைந்த, முஸ்லிம் வாக்குகள் கணிசமாக இருந்த ஒரே தொகுதியிலிருந்து போனவர்கள். இதைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்து ஒழுங்கைகளில் நடந்து வாக்குக் கேட்டவர்களுக்கு அங்கே முதலில் கேட்கப்படும் கேள்வி எது என்று தெரிந்திருக்கும்.

கெனமன் கொண்டுவந்ததே 1973இன் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம். அவ்வருடம் ஜனவரி 13ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை எளிமையானது. ஒரு குடும்பம், தங்கி வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வரும் அளவு வீடுகளை வைத்திருக்கலாம். குடும்பமற்ற தனிநபருக்கு இரண்டு. அதற்கு மேற்பட்டவை மிகை வீடுகள். மிகை வீட்டில் குடியிருக்கும் வாடகைக்காரர் அதை வாங்க விண்ணப்பிக்கலாம். அவ்வாறு விலைபோகாத மிகை வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளருக்கு உரித்தாகும். சொந்தக்காரருக்கு இழப்பீடு உண்டு. தீர்ப்பில் திருப்தியில்லாதவர் மீளாய்வுச் சபைக்குப் போகலாம். போனவர்கள் அநேகர்; அங்கிருந்து நீதிமன்றம் வரை இழுபட்ட வழக்குகளும் பல.

அதே 1973இல் 11ஆம் இலக்கச் சட்டம் தொடர்மாடி வீடுகளுக்குத் தனித்தனி உரித்து வழங்க இடமளித்தது. நிலத்தில் நிற்காத ஒரு வீட்டுக்கும் உறுதி எழுதலாம் என்பது நம்மவர்களுக்குப் புதுச் செய்தி. "ஆகாசத்துல உறுதியா?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

1977க்குப் பின், ஆணையாளருக்கு உரித்தான வீடுகளில் மாத வாடகை 25 ரூபாவுக்கு உட்பட்டவற்றைக் குடியிருப்போருக்கு இலவசமாகவே கொடுக்க அரசு தீர்மானித்தது. 1979இன் 17ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை உருவானது. மூத்தம்மாவின் கட்டு பெறுமதியானது இந்தக் கட்டத்தில்தான். யார் இருந்தார், எத்தனை வருடம் இருந்தார், எவ்வளவு கட்டினார் என்பதற்கு அந்தக் காகிதங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஹலால் கேட்டவர்கள்

இச்சட்டம் ஒரு தரப்பாருக்கு விடுதலை, மறு தரப்பாருக்கு இழப்பு. பெரும் பணக்காரரிடமிருந்து மட்டும் வீடுகள் போகவில்லை. வாடகை வருமானத்தில் வாழ்ந்த விதவைகளின் வீடுகளும் போயின. தனியார் வாடகைக்கென்று வீடு கட்டுவதும் அருகியது. அடுத்த தலைமுறை வாடகைக்காரர் அதன் விலையைக் கொடுத்தார்.

நமது வீடுகளில் வேறொரு கேள்வியும் எழுந்தது. சட்டம் தந்தாலும் அடுத்தவர் சொத்து நமக்கு ஹலாலாகுமா? வீடு கைக்கு வந்த பிறகு பழைய சொந்தக்காரரைத் தேடிப் போய் "எங்களுக்கு ஹலாலாக்கித் தாங்க" என்று கேட்டவர்களைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிலர் கையில் ஒரு தொகையும் கொண்டுபோனார்களாம். சில சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே "எடுங்க, அல்லாஹ்வுக்காக" என்றார்களாம். சிலர் கதவைத் திறக்கவே இல்லையாம். எந்த வர்த்தமானியிலும் இது பதிவாகவில்லை. சட்டத்தின் வரலாற்றை மட்டும் எழுதினால் அந்த வாசற்படியில் நின்றவர்களின் வரலாறு விடுபட்டுப் போகும்.

உறுதியில் யாருடைய பெயர்?

இனி 36ஆம் பிரிவுக்கு வருவோம். முஸ்லிம் ஒருவர் உயில் எழுதாமல் மௌத்தானால் அவரது சொத்து 1931இன் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, அவர் சார்ந்த மத்ஹபின் முறையில் பங்கிடப்படும். மனைவிக்கு, மகளுக்கு, தாய்க்கு என்று பங்குகள் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் வாடகை வீடு மௌத்தானவரின் சொத்தல்ல. அந்த வீட்டில் கூட வாழ்ந்தவருக்கே வாடகையுரிமை தொடர்ந்தது. நடைமுறையில் பற்றுச்சீட்டு ஒருவர் பெயருக்கே மாறியது. பிறகு அந்த ஒருவரே வாங்குபவரானார். உறுதியும் அவர் பெயரிலேயே முடிந்தது.

நம் வழக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே தோட்டத்து வீட்டில் கடைசிவரை உம்மாவோடு இருந்தது பெரும்பாலும் ஒரு மகள். ஆனால் அலுவலகத்துக்குப் போய்ப் படிவம் நிரப்பியது யார்? மருமகன், அல்லது நானா. நான் அறிந்த ஒரு குடும்பத்தில் உம்மா இருபது வருடத்துக்கு மேல் இடியப்பம் அவித்து விற்று வாடகை கட்டினார். உறுதி மருமகன் பெயரில் வந்தது. சில வருடங்களில் தலாக் நடந்தது. மகள் இரண்டு பிள்ளைகளோடு, உம்மா கட்டிய வாடகையில் வந்த வீட்டிலிருந்து வெளியேறினார். சட்டத்தில் எந்தப் பிழையும் இல்லை. பற்றுச்சீட்டுகள் உம்மா பெயரில் இருந்தன. உறுதி இன்னொருவர் பெயரில் இருந்தது.

வாடகையிலிருந்து சொந்தத்துக்குப் போகும் எந்தத் திட்டத்திலும் மிகப் பலவீனமான இடம் இதுதான். காசு மாதாமாதம் பல கைகளிலிருந்து போகிறது. உரிமை ஒரே நாளில் ஒரே பெயருக்கு வருகிறது.

பிக்ஹ் சொல்வது

வாடகை முடிவில் சொந்தமாகும் ஒப்பந்தத்தை இன்றைய இஸ்லாமிய நிதியியல் இஜாரா முன்தஹியா பித்தம்லீக் என்கிறது. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 2000ஆம் ஆண்டு ரியாத் அமர்வில் இதைப் பற்றித் தீர்மானம் எடுத்தது. ஒரே பொருள்மீது, ஒரே நேரத்தில், வாடகையும் விற்பனையுமாக இரு ஒப்பந்தங்கள் கலந்து நிற்பது கூடாது. கடைசித் தவணையோடு புதிய ஒப்பந்தமின்றித் தானாகவே சொந்தமாகிவிடும் என்பதும் கூடாது. வாடகை ஒப்பந்தம் உண்மையான வாடகையாக இருந்து, சொந்தமாவது தனி ஒப்பந்தத்தால், நன்கொடையாகவோ சந்தை விலையில் வாங்கும் தெரிவாகவோ நடந்தால் ஆகும். வாடகைக் காலத்தில் பொருளின் பொறுப்பு சொந்தக்காரருடையது. குடியிருப்பவர் தலையில் அதைச் சுமத்தக் கூடாது.

இந்தத் தெளிவு வெறும் மார்க்கச் சட்ட நுணுக்கமல்ல. நான் இன்று வாடகைக்காரனா, வாங்குபவனா? கூரை ஒழுகினால் யார் திருத்துவது? நான் நடுவில் மௌத்தானால் கட்டிய காசு யாருக்கு? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதப்படாத திட்டத்தில் ஏழைதான் நட்டப்படுவான்.

புதிய மாடிகள், பழைய கேள்வி

2001இல் பொரளைப் பக்கத்தில் எழுந்த சஹஸ்புர பதினான்கு மாடிகளும் 671 வீடுகளும் கொண்டது. முடுக்கு வீட்டை ஒப்படைத்தவர்களுக்கு அங்கு பதில் வீடு கிடைத்தது. 2010க்குப் பின் நகர அபிவிருத்தி அதிகார சபை வனாத்தமுல்லை, தெமட்டகொடை போன்ற இடங்களில் கட்டிய மாடிகளில் முறை மாறியது. தோட்டத்தில் சொந்தமாக இருந்த பலர் சுமார் 400 சதுர அடி வீட்டுக்காகப் பத்து இலட்சம் ரூபாவும் அதற்கு மேலும் நீண்ட கால மாதத் தவணையில் கட்ட வேண்டியவர்களானார்கள். 1973இல் வாடகைக்காரர் சொந்தக்காரரானார். இங்கே சொந்தக்காரர் மீண்டும் மாதப் பணம் கட்டுபவரானார். 2024ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில், அரசாங்க மாடி வீடுகளில் வாடகை கட்டி வாழும் 50,000 குடும்பங்களுக்கு முழு உரிமை வழங்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. யோசனைக்கும் உறுதிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை மூத்தம்மாவின் தலைமுறை நன்றாக அறியும்.

ஆகவே, உறுதி வரக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். யார் யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். படிவம் நிரப்பும் முன்பே, உறுதியில் வரவேண்டிய பெயர்கள் எவை என்பதை உம்மா, மகள், சகோதரி எல்லோரும் இருக்கும்போது பேசி முடியுங்கள். கூட்டுப் பெயரா, பின்னர் ஹிபாவா என்பதை நொத்தாரிசிடமும் ஆலிமிடமும் கேளுங்கள். மஹல்லா பள்ளிவாசல் நிருவாகங்கள் மாதத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கினால் அது பெரிய தர்மம்.

ஆய்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தப் பற்றுச்சீட்டுகளும் ஆணையாளரின் கடிதங்களும் மீளாய்வுச் சபைத் தீர்ப்புகளும் இன்னும் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. தோட்டங்கள் ஒவ்வொன்றாக இடிபடும்போது அவையும் குப்பைக்குப் போகின்றன. அவற்றைத் திரட்ட வேண்டும். எங்கள் மூத்தம்மாவின் கட்டு என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள எல்லாச் சீட்டுகளிலும் மூத்தாப்பாவின் பெயர்தான். அவர் மௌத்தாகிப் பதினொரு வருடத்துக்குப் பிந்திய சீட்டிலும் அவருடைய பெயரே எழுதப்பட்டிருக்கிறது. கட்டியது மூத்தம்மா.