முதுகெலும்பைத் தாக்கும் நாடாப்புழு நீர்க்கட்டி: அறிகுறிகளும் சிகிச்சை முறைகளும்

ரேணிகுண்டா: நாள்பட்ட முதுகுவலியும் கால்களில் தளர்ச்சியும் ஏற்பட்டால், நம் நாட்டில் மருத்துவர்கள் முதலில் ஐயுறுவது முதுகெலும்புக் காசநோயையே. எனினும், அரிதாகச் சிலருக்கு இதே அறிகுறிகளுக்கு ஒரு நாடாப்புழுவின் நீர்க்கட்டி காரணமாக அமைகிறது. உரிய காலத்தில் கண்டறியாவிட்டால், தண்டுவடம் நசுங்கிக் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும்.

'எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ்' எனப்படும் இந்த நாடாப்புழு, சில மில்லிமீட்டர் நீளமே உடையது. நாய்களின் குடலில் வாழ்கிறது. நாயின் மலத்துடன் வெளியேறும் முட்டைகள் புல், நீர், காய்கறிகளில் கலக்கின்றன. மேயும் ஆடுகளின் உடலுக்குள் அவை சென்று கல்லீரல், நுரையீரலில் நீர்க்கட்டிகளாக வளர்கின்றன. அக்கழிவுகளைத் தின்னும் நாய்களுக்கு மீண்டும் தொற்று ஏற்படுகிறது. இச்சுழற்சியில் மனிதன் தற்செயலாகவே சிக்குகிறான். சமைத்த ஆட்டிறைச்சி உண்பதாலோ, நோயாளியுடன் பழகுவதாலோ இந்நோய் தொற்றுவதில்லை.

இந்தியாவில் ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் இந்நோய் கூடுதலாகப் பதிவாகியுள்ளது. 2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி, செம்மறி ஆடுகளின் எண்ணிக்கையில் ஆந்திரம் நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் உள்ளது.

முதுகெலும்பில் நிகழ்வது என்ன?

பெரும்பாலான நீர்க்கட்டிகள் கல்லீரலிலும் நுரையீரலிலும் தோன்றுகின்றன. எலும்புகளைத் தாக்குவது சுமார் 0.5 முதல் 2 சதவீதம் வரையே; அவற்றில் ஏறத்தாழ பாதி முதுகெலும்பில் அமைகின்றன. மார்புப் பகுதி முள்ளெலும்புகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. கல்லீரலில் கட்டியைச் சுற்றி நார் உறை உருவாகி அதைத் தடுத்து நிறுத்துகிறது. எலும்பில் அத்தகைய உறை உருவாவதில்லை. எனவே, சிறுசிறு கட்டிகள் எலும்பின் நுண்துளைகள் வழியே பரவி அதை அரிக்கின்றன. பல ஆண்டுகள் அறிகுறியின்றி இருந்துவிட்டு, பின்னர் வலி, மரத்துப்போதல், கால் தளர்ச்சி, சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியன தோன்றும்.

கண்டறிதல்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முதன்மையான பரிசோதனை. திராட்சைக் கொத்துபோலக் கட்டிகள் தென்படுவதும், முள்ளெலும்புகளுக்கு இடையேயான வட்டுகள் பெரும்பாலும் சிதையாமல் இருப்பதும் காசநோயிலிருந்து இதனை வேறுபடுத்த உதவும். ரத்தப் பரிசோதனையில் தொற்று இல்லை என முடிவு வந்தாலும் நோய் இல்லை என்று கருதிவிட முடியாது. பிற உறுப்புகளில் கட்டிகள் உள்ளனவா என்பதையும் ஸ்கேன் மூலம் அறிய வேண்டும்.

சிகிச்சை

தண்டுவடத்தின் மீதான அழுத்தத்தை அகற்ற அறுவை சிகிச்சை இன்றியமையாதது. கட்டிகளை உடையாமல் அகற்றுவதே இதன் பெரும் சவால். கட்டி உடைந்தால், உள்ளிருக்கும் திரவத்தால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம். சிந்திய நுண்கிருமிகள் புதிய கட்டிகளாகவும் வளரலாம். ஆகவே, அறுவை நடைபெறும் இடம் அடர் உப்புக் கரைசலால் கழுவப்படுகிறது. எலும்பு வலுவிழந்திருந்தால் திருகுகளும் கம்பிகளும் பொருத்தப்படுகின்றன.

அத்துடன், அல்பெண்டசோல் மாத்திரை உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற அளவில் பல மாதங்கள் வழங்கப்படுகிறது. கொழுப்புள்ள உணவுடன் உட்கொண்டால் மருந்து நன்கு உறிஞ்சப்படும். கல்லீரல் செயல்பாட்டையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது பரிசோதிப்பது அவசியம். கர்ப்பிணிகள் மருத்துவர் ஆலோசனையின்றி இதை உட்கொள்ளக் கூடாது.

இந்நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு அதிகம். எனவே, வலி நீங்கியதும் சிகிச்சையை நிறுத்திவிடாமல் பல ஆண்டுகள் ஸ்கேன் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ரேணிகுண்டா வட்டாரத்தினருக்கு, சுமார் 10 கி.மீ. தொலைவில் திருப்பதியில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு செயல்படுகிறது.

தடுப்பு

* ஆடு அறுக்கும் இடங்களில் கழிவுகளை நாய்களுக்குப் போடாமல் ஆழப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும்.
* வளர்ப்பு நாய்களுக்குக் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி பிரசிகுவாண்டல் மருந்து கொடுத்துக் குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும்.
* நாயைத் தொட்ட பின்பும், உண்பதற்கு முன்பும் சோப்பால் கை கழுவ வேண்டும்.
* பச்சையாக உண்ணும் காய்கறி, கீரைகளை நன்கு கழுவ வேண்டும்.

நாய்களுக்குக் குடற்புழு நீக்கம், ஆட்டுக்குட்டிகளுக்குத் தடுப்பூசி, அறுவைக் கூடங்களில் தூய்மை ஆகியவற்றை ஒருங்கே மேற்கொள்ளுமாறு உலக சுகாதார அமைப்பு வலியுறுத்துகிறது. புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இந்நோயையும் அவ்வமைப்பு சேர்த்துள்ளது.